கையேடு கிராமத்துக்கு வரும் வழி

புதுச்சேரி–கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தை ஒட்டியிருக்கிறது பிள்ளையார்குப்பம். மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். கிருமாம்பாக்கத்தில் பொறியியல் கல்லூரியும் உண்டு. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் விவசாய வீடுகளிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் கணினி படிக்க வரும் பிள்ளைகள் இன்று நிறைய. வீட்டின் முதல் கணினி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ஆங்கிலத்தில் நூறு பக்கம் விடாமல் படித்தாக வேண்டிய முதல் கட்டாயம், இவை மூன்றும் அவர்களில் பலருக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்கின்றன.

வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படுவது, இணையச் செயலிகளை எழுத உதவும் ஜாங்கோ, ரியாக்ட், லாரவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகள். பாடப்புத்தகம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அச்சான நாளிலேயே பழசாகிவிடும். ஆகவே உண்மையான பாடப்புத்தகம் என்பது அந்தந்த ஃபிரேம்வொர்க்கை உருவாக்கியவர்களே எழுதி வெளியிடும் கையேடுதான். மாணவர்கள் அதை ‘டாக்ஸ்’ என்கிறார்கள். அது இலவசம், எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனாலும் பிள்ளையார்குப்பத்து மாணவிக்கு அது எட்டுகிறதா என்று கேட்டால், பாதி எட்டுகிறது என்பதே நேர்மையான பதில். மீதிப் பாதியை எட்டவைக்க உலகெங்கும் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: மொழிபெயர்க்க ஆள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. மொழிபெயர்த்ததை ஆண்டுக்கணக்கில் பராமரித்து, வாசகரின் கருவிக்கு ஏற்றபடி கொண்டுசேர்க்கும் நடு நிலையம்தான் இல்லை. அப்படி ஒரு நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி, இந்த மண்ணிலேயே 1998-இல் இருந்தது.

முதலில் தடை எது என்று தெளிவாகப் பார்த்துவிடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. இனி இணையம் ஒரு பிரச்சினையே இல்லை என்று பலர் சொல்கிறார்கள். நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்ற அளவு, வீட்டில் மூன்று பேர் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டைப் பகிரும்போது மாலைக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் வேகத்தில், சராசரியாக 2 எம்பிக்கு மேல் எடையுள்ள இன்றைய இணையப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். கையேட்டின் சொற்கள் சில பத்து கேபிதான். அவற்றைச் சுற்றிக் கட்டப்பட்ட அலங்காரமே எடை.

கையேடு வாசகரிடம் இன்னொன்றையும் கேட்கிறது. முதல் பக்கத்திலேயே ஒரு கட்டளையைத் தந்து, இதை ஓட்டுங்கள் என்கிறது. ரியாக்ட் கற்கத் தொடங்கியவர்கள் பல ஆண்டுகளாக ஓட்டிவந்த ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ (2025 பிப்ரவரியில் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்) வட்டில் 200 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இறக்கும். அரசு தந்த பழைய லேப்டாப்பில் அது ஓடி முடிவதற்குள் மின்சாரம் ஒருமுறை போய்வந்திருக்கும். ஜாங்கோவை நிறுவ ஏறத்தாழ 8 எம்பி இறக்கினால் போதும். எளிமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கையேட்டைப் பார்க்கிறோம். அது சொல்வதைச் செய்துபார்க்க என்ன செலவாகும் என்று பெரும்பாலான கையேடுகள் முன்கூட்டிச் சொல்வதில்லை. இத்தனை எம்பி இறங்கும், இத்தனை ஜிபி நினைவகம் தேவை என்று ஒரு வரி இருந்தால், எங்கே உட்கார்ந்து எப்போது தொடங்குவது என்று மாணவர் திட்டமிட்டுக்கொள்வார்.

அடுத்தது மொழி. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. அந்தப் பாடத்திட்டத்தின் ‘கணினிப் பயன்பாடுகள்’ நூல் பதினொன்றாம் வகுப்பில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டையும், பன்னிரண்டில் பிஎச்பி, மைஎஸ்கியூஎல்லையும் தமிழிலேயே கற்பிக்கிறது. ‘கணினி அறிவியல்’ நூல் பைத்தானைக் கற்பிக்கிறது. குறைகள் இருந்தாலும் மதிக்கத்தக்க உழைப்பு அது. 2023–24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. அந்த முடிவின் நன்மை தீமையை இங்கே பேசப்போவதில்லை. ஆனால் ஒரு விளைவு இருக்கிறது: நிரல் எழுதுவதைத் தமிழில் முறையாக விளக்கிய புத்தகம் இனி வகுப்பறை வழியாக இந்தப் பிள்ளைகளின் கைக்கு வராது. வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

இங்கேதான் வில்லியனூரை நினைக்க வேண்டியிருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல், கனடாவின் ஐடிஆர்சி நிறுவன உதவியோடு, புதுச்சேரி கிராமங்களில் தகவல் கிராம ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. சுப்பையா அருணாசலம், வி. பாலாஜி, செந்தில்குமரன் ஆகியோர் அதன் வடிவத்துக்கும் நடப்புக்கும் பொறுப்பேற்றவர்களில் முக்கியமானவர்கள். வில்லியனூரில் நடு நிலையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள். அன்று தொலைபேசி இணைப்பு எல்லா ஊர்களிலும் நம்பக்கூடியதாக இல்லை. எனவே இணையத்தை வில்லியனூரில் மட்டும் வாங்கி, அங்கிருந்து கிராமங்களுக்கு விஎச்எஃப் வானொலிக் கருவி மூலம் குரலையும் கோப்புகளையும் அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள். ஊர் இடம் தரவேண்டும், தன்னார்வலர்களைத் தரவேண்டும், எல்லாச் சாதியினரும் வந்துபோக இசையவேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் இடத்தையே கொடுத்தார்கள். தன்னார்வலர்களில் பெண்கள் நிறைய.

கருவிகளை விட எனக்குப் பெரிதாகப் படுவது நடுவில் நடந்த வேலை. கணினி வைப்பதற்கு முன்பே கிராமங்களில் விசாரித்தார்கள்: உங்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அதை யாரிடம் கேட்கிறீர்கள்? பதிலாக வந்தவை நெல் விலை, இடுபொருள் விலை, அரசுத் திட்டத்தில் தமக்கு உரியது என்ன, எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர், பஸ் நேரம், பரீட்சை முடிவு. வில்லியனூரில் இருந்தவர்கள் இவற்றைத் திரட்டி, சுருக்கி, தமிழில் எழுதி, நாள்தோறும் புதுப்பித்து அனுப்பினார்கள். வீராம்பட்டினத்துக்குத் தேவைப்பட்டது வேறு. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவர் யாரும் கணினியைத் தொட வேண்டியதில்லை, ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் யாருக்காகவோ எழுதப்பட்ட ஓர் ஆவணம், வில்லியனூர் வழியாக வந்து, வலை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவாக மாறியது. பின்னர் ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் வந்தது. 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது. மக்கள் தப்பினார்கள். அன்றாடம் பயன்பட்டு வந்த அமைப்பு என்பதால்தான் அந்த நெருக்கடி நேரத்தில் அது தயங்காமல் பயன்பட்டது.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, மென்பொருள் கையேடுகளுக்காக நடந்த முயற்சிகளைப் பார்க்கலாம்.

இணையமில்லாமல் படிக்கும் வசதி ஓரளவு நல்ல நிலையில் இருக்கிறது. ஜாங்கோவின் முழுக் கையேட்டையும் எச்டிஎம்எல், பிடிஎஃப், இபப் வடிவங்களில் இறக்கிக்கொள்ளலாம். பிஎச்பி கையேட்டையும் எச்டிஎம்எல் வடிவில் இறக்கலாம். டெவ்டாக்ஸ் என்ற தளம் நூற்றுக்கணக்கான கையேடுகளை உலாவிக்குள்ளேயே சேமித்துத் தருகிறது. சீல் என்ற செயலி லினக்ஸிலும் விண்டோஸிலும் அதே வேலையைச் செய்கிறது. கிவிக்ஸ் ஒரு பெரிய தளத்தையே ஒற்றைக் கோப்பாக்கி, பென்டிரைவில் கொண்டுபோக உதவுகிறது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினி இவற்றை வைத்துக்கொண்டு மற்ற கணினிகளுக்கு வழங்கினால் போதும். செலவே இல்லாத இந்த வேலை நம் ஆய்வகங்களில் வழக்கமாகாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. ஆனால் இறக்கி வைத்தவை எல்லாம் ஆங்கிலம்.

மொழிபெயர்ப்பின் கதை வேறு மாதிரி. 2019-இல் நாட் அலிசன் என்ற பொறியாளர் ரியாக்ட் கையேட்டை உலக மொழிகளுக்குக் கொண்டுபோகும் பணியை ஒருங்கிணைத்தார். ஒவ்வொரு மொழிக்கும் தனிக் களஞ்சியம், யார் எந்தப் பக்கம் எடுத்திருக்கிறார் என்ற பட்டியல், ஆங்கில மூலம் மாறினால் எல்லா மொழிகளுக்கும் அறிவிக்கும் தானியங்கி. தமிழ்க் குழுவும் அதில் இருந்தது. ஸ்பானியம், ஜப்பானியம், பிரேசில் போர்ச்சுகீசியம் ஆகியவை விரைவில் முக்கியப் பக்கங்களை முடித்தன. ஆட்பலம் குறைந்த மொழிகள் மெல்ல நகர்ந்தன. 2023 மார்ச்சில் ரியாக்ட் தன் கையேட்டையே முழுக்கப் புதிதாக எழுதி வெளியிட்டது. ஆங்கில வாசகருக்கு அது பெரிய முன்னேற்றம். நான்கு ஆண்டுகள் இரவில் உட்கார்ந்து பழைய பக்கங்களைத் தமிழாக்கியவர்களின் வேலையோ பழைய தளத்தோடு நின்றுவிட்டது, எல்லாம் முதலிலிருந்து.

மோசில்லாவின் எம்டிஎன் இதைவிட வலிக்கும் கதை. இணைய நுட்பங்களுக்கு அதுவே உலகின் முதன்மைக் கையேடு. பல பத்து மொழிகளில், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற முறையில் வளர்ந்தது. தமிழும் ஒரு மொழி. 2020 ஆகஸ்டில் மோசில்லா ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது எம்டிஎன் எழுத்தாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு இறுதியில் தளம் புதிய அமைப்புக்கு மாறியபோது, பராமரிக்கக் குழு உறுதியளித்த சில மொழிகள் மட்டும் தொடர்ந்தன. மற்றவை முதலில் உறைநிலைக்குப் போயின, பிறகு விலக்கப்பட்டன. விலக்கப்பட்டவற்றில் தமிழும் உண்டு, இந்தியும் வங்காளமும் உண்டு. காரணமாகச் சொல்லப்பட்டதில் நியாயம் இருக்கிறது: ஐந்து ஆண்டுகள் தொடப்படாத பக்கம் வாசகருக்குத் தவறான வழி காட்டும். தன் மொழியில் இருக்கிறதே என்று நம்பிப் படிக்கும் புதியவரைத்தான் அது அதிகம் ஏமாற்றும். ஆகவே அந்த முடிவை எடுத்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பக்கங்களுக்கு இங்கே ஒரு வீடு இல்லாமல் போனதுதான் ஆதங்கம்.

இதே சிக்கலை ஜாங்கோவும் பைத்தானும் வேறு விதமாகக் கையாள்கின்றன. பக்கம் முழுவதையும் நகலெடுத்து மொழிபெயர்ப்பதில்லை. மூலம் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே மொழிபெயர்ப்பு பதிவாகிறது. மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும், சுற்றியிருக்கும் தமிழ் அப்படியே நிற்கும். வாசகர் பழையதைப் படித்து ஏமாற மாட்டார். பராமரிப்பவருக்கு எங்கே வேலை பாக்கி என்பது கண்ணெதிரே தெரியும். பார்க்கச் சின்ன ஏற்பாடு. ஆனால் ஆள் குறைந்த மொழிக்கு இதுதான் உயிர். தமிழில் கையேடு வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, அந்த ஃபிரேம்வொர்க் இப்படிப் பத்திவாரியாக மொழிபெயர்க்க இடம் தருகிறதா என்பதையே.

தமிழ்நாட்டுக்குள் நடந்தவை இந்த வழியைப் பின்பற்றவில்லை. மூலத்தை மொழிபெயர்க்காமல் புதிதாகவே எழுதினார்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ தொடர்கள் மைஎஸ்கியூஎல், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று வளர்ந்து நூல்களாயின. யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் வழியாக ஆறு அங்குலத் திரைக்கு ஒரு வடிவம், அச்சிட ஒரு வடிவம் என்று கருவிக்கேற்பவும் கொடுத்தார்கள். இந்தக் கடைசி அக்கறையைப் பெரிய நிறுவனங்களின் கையேடுகளில்கூட அபூர்வமாகத்தான் காணமுடியும். போனில் படிக்கும்போது நிரல் வரி திரையை விட்டு வெளியே ஓடினால் கற்பவர் அங்கேயே தடுமாறுகிறார் என்பது போனில் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல், கண்ணன் மௌத்கல்யா தலைமையில், இன்னொரு வழி கண்டது. பத்து நிமிட அளவிலான சிறு காணொளிகள். திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் விழுவது தமிழ் உட்பட இந்திய மொழிகள். ஒரு பக்கம் காணொளி, மறு பக்கம் மென்பொருள். பார்த்ததை உடனே நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும். கல்லூரிகளுக்குக் குறுந்தகட்டில் கொடுத்ததால் இணையம் தேவையில்லை. பிஎச்பி, ட்ரூபல் வரிசைகளும் உண்டு. இதில் மிகச் சரியாகப் பிடித்திருப்பது, கட்டளையும் பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் இருக்கட்டும் என்ற பிரிவினை. பிழைச்செய்தியைத் தமிழாக்கிவிட்டால் அதை இணையத்தில் தேடவே முடியாது. காணொளியின் பலவீனம் வேறு: மென்பொருள் ஒரு பதிப்பு முன்னேறினால் ஒரு வரியைத் திருத்த முடியாது, முழுவதையும் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். தேடவும் முடியாது. இன்று மாணவர்கள் பெரும்பாலும் யூடியூபில் தமிழில் கற்கிறார்கள் என்பது உண்மை. அது தொடங்கிவைக்கும், சிக்கிக்கொண்ட இடத்தில் கைகொடுக்க எழுத்துதான் வேண்டும். திரைப்பிடிப்புப் படமாக ஒட்டப்பட்ட நிரலை, என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற மாணவரால் படிக்கவே இயலாது. எழுத்தாகத் தந்தால் அவருக்கும் உதவும், டேட்டாவும் மிச்சம்.

இயந்திர மொழிபெயர்ப்பு இதையெல்லாம் தேவையற்றதாக்கிவிடும் என்ற வாதம் இப்போது வலுவாக வருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் 2023-இல் வெளியிட்ட இன்டிக்டிரான்ஸ்2 உண்மையிலேயே நல்ல வேலை. முதல் வரைவுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நிரல் எது உரை எது என்று பிரிக்காமல் மொழிபெயர்த்த பக்கத்தில் ஒரு மாறியின் பெயர் தமிழாகிவிட்டால், அனுபவசாலி சிரித்துவிட்டுக் கடந்துபோவார். புதியவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து விட்டுவிடுவார். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழில் கேட்கலாமே என்றால், அவை எழுத்தைத் துண்டாக்கி எண்ணும் முறையில் அதே விஷயத்துக்குத் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் துண்டுகளைச் செலவழிக்கிறது. இலவச அளவு சீக்கிரம் தீரும். பணமில்லாதவருக்குக் குறைவாகக் கிடைக்கும் என்ற பழைய கணக்கு அங்கேயும் தொடர்கிறது. சரிபார்த்த தமிழ்க் கையேடு எங்காவது இருந்தால் அந்தச் செயலிகளும் அதிலிருந்து கற்கும். இல்லாவிட்டால் அவையும் ஊகிக்கும்.

சீனாவில் வியூ என்ற ஃபிரேம்வொர்க் வேரூன்றியதற்கு ஒரு காரணம், எவான் யூ அதை உருவாக்கிய தொடக்க காலத்திலிருந்தே சீனக் கையேடு ஆங்கிலத்துக்கு இணையாகப் பராமரிக்கப்படுவது. அந்த அளவு ஆட்பலம் நமக்கு இல்லை, ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக் கையேட்டையும் தமிழாக்குவோம் என்று கிளம்புவது தோல்விக்கான வழி என்றே நினைக்கிறேன். ஜாங்கோவின் கையேடு ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அதில் பெரும்பகுதி அகராதிபோல அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது. அது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அந்த நிலைக்கு வந்தவர் படித்துக்கொள்வார். தமிழில் வேண்டியவை மூன்று: நிறுவும் முறை, முதல் பயிற்சி, அடிக்கடி வரும் பிழைகளும் அவற்றின் பொருளும். கடைசியது எந்த மூலக் கையேட்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. ஆய்வகத்தில் மாணவர்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று பார்த்துக் குறித்துவைத்தால்தான் எழுத முடியும். 1998-இல் கிராமங்களில் கேட்ட அதே கேள்விதான் இது.

செய்ய ஆள் இருக்கிறார்களா? பக்கத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தந்துவருகிறது. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. கணியம் குழு தமிழ் நடையைப் பழக்கிவைத்திருக்கிறது. இவற்றோடு ஒரு கல்லூரி சேர்ந்து, இரண்டு ஆசிரியர்களின் பணிநேரத்தில் ஒரு பகுதியை இதற்கென எழுதிக்கொடுத்தால் வில்லியனூர் மீண்டும் உருவாகும். தன்னார்வம் தொடங்கிவைக்கும், பராமரிப்புக்குச் சம்பளத்தோடு கூடிய பொறுப்பு வேண்டும். கையேட்டைப் புதுப்பிப்பது கல்விப் பணியாகவே கணக்கில் வரவேண்டும். மாணவர்கள் திருத்திய பத்திகள் அவர்களது செயல்திட்ட மதிப்பெண்ணில் சேரவேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கும் விடை இருக்கிறது. ஜாங்கோ ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிட்டாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றைத் தந்து மூன்று ஆண்டுகள் காக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அத்தகையது, அதற்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அதன் முதல் பயிற்சி எட்டுப் பகுதிகள் கொண்டது. ஒரு பருவத்தில் ஒரு வகுப்பு அந்த எட்டையும் தமிழாக்கி, தேவைப்படும் நிறுவல் கோப்புகளையும் சேர்த்து, நூறு எம்பிக்குள் அடங்கும் ஒரே தொகுப்பாக ஆய்வகக் கணினியில் வைத்துவிட முடியும்.